தெரியாத நூலும் தெரிந்த தையலும்

தையலில் இரண்டு குலங்கள் உண்டு. ஒன்று தன்னைக் காட்டிக்கொள்ளும் தையல். மற்றது தன்னை ஒளித்துக்கொள்ளும் தையல். வங்காளத்துக் காந்தாப் போர்வையில் வரிவரியாக ஓடும் இழையோட்டம் முதல் குலத்தைச் சேர்ந்தது. அங்கே தையலே சித்திரம். பட்டுப்புடவையின் கீழ்க்கரைக்கு உட்புறமாக ஃபால்ஸ் வைத்துக் கையால் தைக்கும்போது ஊசி புடவையின் ஓரிரு இழைகளை மட்டும் தொட்டுவிட்டுத் திரும்புகிறதே, அது இரண்டாம் குலம். புடவையின் முகப்பில் தையல் தெரிந்தால் தைத்தவருக்குக் கைப்பழக்கம் போதவில்லை என்று பொருள். எதைக் காட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்பதைத் துணி தீர்மானிப்பதில்லை. அந்தந்தக் காலத்தின் மனம்தான் தீர்மானிக்கிறது. காலம் மாறும்போது காட்டியதை மறைப்பதும் மறைத்ததைக் காட்டுவதும் நிகழ்கின்றன.

இந்த மாற்றத்தைப் பின்தொடர ஓர் எளிய பொருள் நமக்கு உதவுகிறது. தையல் சாமான் கடைகளில் விற்கும் கண்ணுக்குத் தெரியாத நூல்தான் அது. நூல் என்று பெயரே தவிர, அதில் பஞ்சு இல்லை, முறுக்கு இல்லை, புரிகள் இல்லை. ஒரே இழை. ஏறத்தாழத் தலைமுடியின் பருமன், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தூண்டில் நரம்பின் நெருங்கிய உறவு. சிவப்புத் துணியில் வைத்தால் சிவப்பாகவும் நீலத் துணியில் வைத்தால் நீலமாகவும் தோன்றும், ஏனெனில் அதற்கென்று சொந்த நிறம் கிடையாது. வெளிச்சத்தைத் தன்வழியே போகவிட்டு அடியிலிருக்கும் துணியின் நிறத்தையே காட்டும். இத்தகைய நூல் பெரிதும் வேண்டப்பட்ட இடங்களில் ஒன்று அமெரிக்கப் பெண்களின் க்வில்ட் உலகம். வீட்டுத் தையல் இயந்திரத்தில் தைத்துக்கொண்டே, இயந்திரத்தில் தைக்காதது போன்ற தோற்றத்தை அவர்கள் நாடினார்கள். ஏன் நாடினார்கள் என்பதுதான் நமது கேள்வி. அதற்கு விடை காண நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போகவேண்டியிருக்கிறது.

*

தையல் இயந்திரத்தின் பிறப்பு அமைதியாக நடந்ததல்ல. பிரான்சு நாட்டுத் தையற்காரர் பார்த்தெலெமி திமோனியே 1830-இல் தமது இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பாரிசில் ஏறத்தாழ எண்பது இயந்திரங்களை வைத்து ராணுவச் சீருடை தைக்கும் பட்டறை நடந்தது. 1831-இல் தங்கள் பிழைப்பு போய்விடுமென அஞ்சிய தையற்காரர்கள் திரண்டு வந்து அவற்றை அடித்து நொறுக்கினார்கள். அதே பதிற்றாண்டில் நியூயார்க்கில் வால்டர் ஹண்ட் என்பவர் முனையில் கண் கொண்ட ஊசியையும் அடியில் ஓடும் நாடாவையும் இணைத்து ஓர் இயந்திரம் செய்தார். ஆனால் காப்புரிமை கோரவில்லை. ஏழைத் தையற்காரிகளின் வயிற்றிலடிக்கும் வேலை வேண்டாமென்று அவருடைய மகளே தடுத்ததாகச் சொல்லப்படுகிறது. சேஃப்டி பின்னைக் கண்டுபிடித்தவரும் இதே ஹண்ட்தான்.

ஹண்ட் கைவிட்ட இடத்திலிருந்து, அவரை அறியாமலே, எலியாஸ் ஹோவ் தொடர்ந்தார். 1845-இல் பாஸ்டனில் ஐந்து தையற்காரிகளுக்கு எதிராகத் தனியொருவராகத் தம் இயந்திரத்தோடு உட்கார்ந்து போட்டியில் வென்றார். நிமிடத்துக்கு 250 தையல் போட்டது அந்த இயந்திரம். 1846 செப்டம்பர் 10-ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது. 1851-இல் ஐசக் மெரிட் சிங்கர் தமது இயந்திரத்துடன் களத்தில் இறங்கினார். ஹோவுக்கும் சிங்கருக்கும் நடந்த வழக்குகள், 1856-இல் உற்பத்தியாளர்கள் காப்புரிமைகளை ஒன்றாகத் திரட்டிச் செய்துகொண்ட உடன்பாடு ஆகியவை தனிக்கதை.

நமக்கு முக்கியமானது அந்த இயந்திரம் போட்ட தையலின் அமைப்பு. கைத்தையலில் ஒரே நூல் துணியின் மேலும் கீழும் மாறிமாறி ஓடுகிறது. மேலே ஒரு கோடு, பிறகு ஓர் இடைவெளி, மீண்டும் ஒரு கோடு. இயந்திரத்தின் பூட்டுத்தையலிலோ இரண்டு நூல்கள். மேல்நூல் ஊசியோடு இறங்குகிறது. துணியின் அடியில் அது சிறு வளையமாக விரியும்போது பாபினிலிருந்து வரும் கீழ்நூல் அவ்வளையத்துக்குள் புகுந்து பூட்டிக்கொள்கிறது. மேல்நூல் மேலேயே தங்கிவிடுகிறது, கீழ்நூல் கீழேயே. ஆகவே கண்ணுக்குத் தெரிவது இடைவெளியற்ற தொடர்கோடு. கைத்தையல் புள்ளிக்கோலம் என்றால் இயந்திரத்தையல் கம்பிக்கோலம். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் பின்னால் வந்த பெருமையும் வெட்கமும் கிளைத்தன.

*

முதலில் வந்தது பெருமை.

1850-களின் நடுவில் ஓர் இயந்திரத்தின் விலை நூறு டாலருக்கு மேல். சராசரிக் குடும்பத்தின் ஆண்டு வருமானமே ஐந்நூறு டாலர் அளவில் இருந்த காலம். சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் 1856-இல் தவணை முறையைக் கொண்டுவந்தார். ஐந்து டாலர் கொடுத்தால் இயந்திரம் வீட்டுக்கு வந்துவிடும், மீதியை மாதாமாதம் கட்டலாம். ஆண்கள் சட்டை ஒன்றைக் கையால் தைக்கப் பதினான்கு மணி நேரத்துக்கு மேலாகும், இயந்திரத்தில் ஒன்றேகால் மணி நேரம் போதும் என்று அக்காலத்துக் கம்பெனிகள் கணக்குக் காட்டின. கூடத்தில் வைத்து அழகு பார்க்கத்தக்க பொருளாயிற்று இயந்திரம்.

அப்படியிருக்க, அதில் போட்ட தையலை எதற்காக மறைக்க வேண்டும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்த க்வில்ட்கள் பலவற்றில் இயந்திரத்தையல் வேண்டுமென்றே வெளியில் தெரியும்படி போடப்பட்டிருக்கிறது. க்வில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே துண்டுத்துணிகளை ஒட்டுப்போட்டுச் செய்த முகப்பு, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றும் நழுவாமல் சேர்ந்திருக்க அவற்றை ஊடுருவி வடிவம் வடிவமாக ஓடும் தையல்தான் க்வில்ட் தையல். வெள்ளைத் துணிமேல் பச்சை இலையையும் சிவப்புப் பூவையும் வைத்து, அவற்றின் விளிம்பில் வெள்ளை நூலால் இயந்திரத்தையல் ஓட்டினார்கள் சிலர். பச்சை இலையின் விளிம்பில் வெள்ளைக்கோடு பளிச்சென்று தெரியும். எங்கள் வீட்டில் இயந்திரம் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அறிவிப்பு ஏது?

இக்காலத்தின் தலைசிறந்த சான்று ஹேரியட் பவர்ஸின் விவிலிய க்வில்ட். ஜார்ஜியா மாநிலத்தில் 1837-இல் அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண் அவர். ஆதாம் ஏவாள், யாக்கோபின் கனவு, சிலுவைக் காட்சி என்று பதினொரு கட்டங்களில் துணியை வெட்டி ஒட்டி அவர் அமைத்த போர்வை 1886-இல் ஏதென்ஸ் நகரின் பருத்திச் சந்தையில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதைக் கண்ட ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை வாங்க முன்வந்தபோது பவர்ஸ் எந்த விலைக்கும் தர மறுத்தார். பின்னால் வறுமை நெருக்கியபோது பத்து டாலர் கேட்டவர், கடைசியில் ஐந்து டாலருக்குக் கொடுத்தார். கொடுக்குமுன் ஒவ்வொரு கட்டத்தின் கதையையும் அவர் சொல்ல, ஸ்மித் எழுதிவைத்துக்கொண்டார். இன்று அது ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த உருவங்கள் கையாலும் இயந்திரத்தாலும் தைக்கப்பட்டவை. அமெரிக்க நாட்டார் கலையின் மணிமுடிகளுள் ஒன்றாகப் போற்றப்படும் அப்போர்வையில் இயந்திரத்தையல் ஒளிவுமறைவின்றி ஓடுகிறது. அதைக் குறையென்று கருதும் எண்ணமே பவர்ஸுக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை.

வீட்டுத் தையல் இயந்திரத்தின்மீதான இந்த நல்லெண்ணம் நம் நாட்டையும் எட்டியது. இயந்திர மோகத்தை ஓயாமல் கண்டித்த காந்தி, சிங்கரின் இயந்திரத்துக்கு மட்டும் விலக்களித்தார். 1924-இல் ராமச்சந்திரன் என்ற இளைஞருடன் நிகழ்த்திய உரையாடலில், மனைவி படும் பாட்டைக் கண்டு சகியாமல் அன்பினால் சிங்கர் செய்த பொருள் அது என்று அவர் விளக்கினார். உரையாடல் அவ்வாண்டு நவம்பரில் யங் இந்தியாவில் வெளியாயிற்று. வரலாறு காட்டும் சிங்கரோ பல குடும்பங்களும் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் கொண்ட முன்னாள் நாடக நடிகர். மனைவியின் ஊசிவேலையைக் கண்டு உருகிய கணவன் என்ற கதை உண்மையில் ஹோவைச் சுற்றித்தான் வழங்கிவந்தது. ஆள் மாறிப்போனாலும் கருத்து கவனிக்கத்தக்கது. கையை வெளியே தள்ளும் இயந்திரம் வேறு, கைக்குத் துணைநிற்கும் இயந்திரம் வேறு என்பதே காந்தி போட்ட கோடு. கேள்வி கேட்ட அந்த இளைஞர்தான் பின்னாளில் தம் மனைவி சௌந்தரத்துடன் 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவிய ஜி. ராமச்சந்திரன்.

*

அமெரிக்காவில் காற்று திசைமாறியது. தொழிற்சாலைகளின் புகையும் நகரங்களின் நெரிசலும் பெருகப் பெருக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பழமை ஏக்கம் ஒன்று பரவியது. முதற்குடியேறிகளின் எளிய வாழ்வு, விளக்கொளியில் ஒட்டுத்துணி தைக்கும் பாட்டி, கூடித் தைக்கும் பெண்கள் என்ற சித்திரம் இதழ்களில் பெருகியது. 1915-இல் மேரி வெப்ஸ்டர் எழுதிய நூல்தான் க்வில்ட்களைப் பற்றிய முதல் முழுநீளப் புத்தகம் எனப்படுகிறது. அச்சித்திரத்தில் கற்பனை நிறையவே கலந்திருந்தது. குடியேற்றக் காலத்தில் துணி விலையுயர்ந்த பொருள். ஒட்டுத்துணிப் போர்வை சாதாரண வீடுகளில் பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைத்துணி மலிந்த பிறகுதான். அதாவது இயந்திரம் தந்த வளத்தில் செழித்த கலையை, இயந்திரத்துக்கு முந்தைய தூய்மையின் சின்னமாக மாற்றிக்கொண்டார்கள்.

அதன் விளைவாக ஒரு படிநிலை உருவாயிற்று. துண்டுகளை இணைக்க இயந்திரத்தைப் பயன்படுத்தலாம், அத்தையல் உள்ளே மறைந்துவிடும். ஆனால் மேலே தெரியும் க்வில்ட் தையல் கையால்தான் போடப்பட வேண்டும். மின்சாரத்தை விலக்கி வாழும் ஆமிஷ் சமயத்தாரும்கூடக் கால்மிதி இயந்திரத்தில் துண்டுகளை இணைத்துவிட்டுக் கடைசித் தையலைக் கையால் போட்டார்கள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணிப் பார்த்துத் திறமையை அளக்கும் வழக்கம் வேரூன்றியது. இயந்திரத்தின் தொடர்கோடு தெரிந்தால் அது அவசரவேலை, மலிவான வேலை.

கையின் புகழ் இவ்வாறு ஓங்கிய காலத்தில் கைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு 1933-இல் ஒரு நிகழ்ச்சி சாட்சி. சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி சியர்ஸ் நிறுவனம் நடத்திய க்வில்ட் போட்டிக்கு ஏறத்தாழ 25,000 போர்வைகள் வந்து குவிந்தன. பெருமந்தத்தின் கொடுமையான ஆண்டு அது. முதற்பரிசு ஆயிரம் டாலருக்குக் குறையாத தொகை. கெண்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில் கடை நடத்திய மார்கரெட் ரோஜர்ஸ் கேடன் அதை வென்றார். வென்ற போர்வை அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அன்பளிப்பாகச் சென்றது. அப்போர்வையில் கேடன் ஒரு தையலும் போடவில்லை. கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்கள் தைத்தது அது. பரிசுப் பணத்தில் அவர்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை. வேலை கொடுப்பவரைப் பகைத்துக்கொள்ள முடியாத காலமாதலால் வாய்திறக்கவும் இல்லை. பார்பரா பிராக்மனும் மெரிகே வால்ட்வோகலும் அப்போட்டியைப் பற்றி எழுதி 1993-இல் வெளியிட்ட புத்தகம் அவர்களுடைய கதையை வாசகர்முன் வைத்தது.

தையல் ஒவ்வொன்றும் எண்ணத்தக்கபடி தெளிவாகத் தெரிந்தது. தைத்தவர்கள்தாம் தெரியவில்லை. கைவேலையைப் போற்றுவதும் கைகளைப் போற்றுவதும் ஒன்றல்ல என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்லும் நிகழ்ச்சி அரிது.

*

இக்கதையில் நைலான் நுழைவது வேறொரு வாசல் வழியாக. டெலவேர் மாநிலத்து வில்மிங்டனில் டூபான்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் தலைமையில் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 1930-இல் அவருடைய உதவியாளர் ஜூலியன் ஹில், உருகிய கலவையில் கோலைத் தோய்த்து இழுத்தபோது அது நூலாக நீண்டது. ஆறிய பின்னும் அதை மேலும் இழுத்து நீட்ட முடிந்தது. அப்படி நீட்டியதும் வலிமை பன்மடங்காகக் கூடியது. இழுக்கும்போது உள்ளே தாறுமாறாகக் கிடக்கும் மூலக்கூறுகள் ஒரே திசையில் அணிவகுத்துக்கொள்வதே காரணம். அந்த முதல் கலவை சூட்டுக்குத் தாங்கவில்லை. தொடர்ந்து நடந்த முயற்சிகளில் 1935 பிப்ரவரி 28-ஆம் நாள் நைலான் உருவாயிற்று. அதன் புகழைக் காண கரோதர்ஸ் இருக்கவில்லை. மனச்சோர்வு நோயால் நெடுங்காலம் துன்புற்ற அவர் 1937 ஏப்ரலில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

நைலான் என்றதும் நினைவுக்கு வருவது காலுறைகள். 1940 மே 15 அன்று அமெரிக்கக் கடைகளில் அவை விற்பனைக்கு வந்தபோது பெண்கள் வரிசைகட்டி நின்றார்கள். ஆனால் மக்கள் கைக்கு வந்த முதல் நைலான் பொருள் காலுறையல்ல, 1938-இல் விற்பனைக்கு வந்த பல்துலக்கி. அதன் மயிர் ஒவ்வொன்றும் முறுக்கில்லாத தனியிழை. அடுத்து அதே தனியிழை தூண்டில் நரம்பாயிற்று. மீன் கண்ணுக்குப் புலப்படாத கயிறு என்பதுதான் அங்கே அதன் சிறப்பு. போர்க்காலத்தில் நைலான் முழுவதும் பாராசூட்டுக்கும் கயிற்றுக்கும் போயிற்று. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் மேலும் மெல்லியதாக இழுக்கப்பட்ட தனியிழை தையல் நூலாகவும் வந்தது. எந்த நிறத் துணிக்கும் ஒரே நூல் போதும், நூலை மாற்றும் நேரம் மிச்சம் என்று ஆயத்த ஆடை ஆலைகள் அதை ஏற்றன. மடிப்பு ஓரத்தில் குத்திக்கொண்டு தோலை அறுக்கும் நூல் என்ற கெட்ட பெயரும் அதற்குக் கிட்டியது.

*

வீட்டு இயந்திரத்தில் இந்நூலை ஓட்டுவது எளிதன்று. பருத்தி நூலுக்கு நெகிழ்ச்சி குறைவு. நைலான் இழையோ இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். வழக்கமான டென்ஷனில் தைத்தால் ஊசி இறங்கும்போது நூல் நீண்டு, துணி வெளியே வந்ததும் சுருங்கி, தையல் நெடுகத் துணி கொசுவிக்கொள்ளும். ஆகவே மேல்நூலின் டென்ஷனை வழக்கத்தைவிட நன்றாகத் தளர்த்த வேண்டும். ஊசி மெல்லியதாக இருக்க வேண்டும். பருத்த ஊசி போட்ட துளையை இந்த மெல்லிய இழையால் அடைக்க முடியாது, நூல் தெரியாவிட்டாலும் துளை தெரிந்து காட்டிக்கொடுக்கும். பாபினில் பெரும்பாலும் அடித்துணியின் நிறத்தில் பருத்தி நூலையே சுற்றுகிறார்கள். நைலானையே பாபினிலும் சுற்ற நேர்ந்தால் மெதுவாக, பாதியளவே சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் நீண்ட நிலையில் சுற்றிக்கொண்ட இழை பிறகு சுருங்கி, பிளாஸ்டிக் பாபினை நெரித்து உருக்குலைத்துவிடும். வெளிர்நிறத் துணிக்கு நிறமற்ற இழை, அடர்நிறத் துணிக்குப் புகைநிற இழை என இரண்டு வகை உண்டு. கறுப்புத் துணியில் நிறமற்ற இழை விளக்கொளி பட்டு மின்னிவிடும் என்பதே காரணம். இஸ்திரிப்பெட்டியின் சூட்டிலும் கவனம் தேவை. பிற்காலத்தில் பரவிய பாலியஸ்டர் தனியிழை நைலானைவிடக் குறைவாக நீள்வதாலும், எளிதில் மஞ்சளிக்காததாலும் பலரும் அதற்கு மாறினார்கள்.

எல்லாவற்றினும் பெரிய சங்கடம், தைப்பவருக்கே நூல் தெரியாது என்பதுதான். ஊசிக்கண்ணில் கோப்பதும், கண்டிலிருந்து நழுவிய நுனியைத் தேடிப் பிடிப்பதும், அறுந்த இடத்தைக் கண்டறிவதும் விரலின் வேலையாகிவிடுகின்றன. கண் பார்க்க முடியாததை விரல் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தொல்லைகளையெல்லாம் ஏற்று க்வில்ட் தைக்க முடியும் என்று விரிவாகக் கற்பித்தவர் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த ஹேரியட் ஹார்கிரேவ். 1987-இல் வெளியான அவருடைய புத்தகத்தின் தலைப்பே ஓர் அறைகூவல். தலைமுறை தலைமுறையாகக் காக்கத்தக்க சொத்து என்ற சொல்லையும் இயந்திரத்தையல் என்ற சொல்லையும் அது அருகருகே வைத்தது. அக்காலச் செவிகளுக்கு அவை சேராத சொற்கள். வழி எளிமையானது. மேலே தெரியாத நைலான், கீழே பருத்தி நூல், நடுவே பருத்திப் பஞ்சு. இயந்திரத்தின் தொடர்கோடு மறைந்துவிடுகிறது. எஞ்சுவது தையல் இறங்கிய இடத்தில் துணி குழிந்து உண்டாகும் நிழல் மட்டுமே. துவைத்துச் சுருங்கிய பிறகு அந்தக் குழியும் மேடும் பாட்டி காலத்துப் போர்வையைப் போலவே தோன்றும். க்வில்ட்டின் அழகு நூலில் இல்லை, நிழலில் இருக்கிறது என்பதை இந்நூல் மெய்ப்பித்தது.

இங்கே பிறிதொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். வளைவும் இறகும் கொடியுமாகத் தைக்கும்போது இயந்திரத்தின் பற்களைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். பற்கள் துணியைத் தள்ளாது. தைப்பவரே இரு கைகளாலும் துணியை நகர்த்துகிறார். ஊசியின் வேகத்துக்கும் கையின் வேகத்துக்கும் உள்ள இசைவுதான் தையலின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. கை தயங்கினால் தையல் நெருங்கும், கை விரைந்தால் தையல் தாவும். ஊசி நிலையாக நிற்கத் தாள் நகர்ந்து வரையப்படும் ஓவியம் போன்றது இது. இதை இயந்திரவேலை என்பதா, கைவேலை என்பதா? காந்தி போட்ட கோட்டை இங்கே நீட்டிப் பார்த்தால் விடை தெளிவு.

இரண்டே ஆண்டுகளில் சோதனை வந்தது. கெண்டக்கியின் பதூக்கா நகரில் அமெரிக்க க்வில்ட் தையலாளர் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் கண்காட்சியில் 1989-இல் தலைசிறந்த போர்வைக்கான விருது கேரில் பிரையர் ஃபாலர்ட்டின் சூரிய கிரகணப் போர்வைக்குச் சென்றது. முழுக்க இயந்திரத்தில் க்வில்ட் தையல் போடப்பட்ட ஒன்று அவ்விருதை வென்றது அதுவே முதல்முறை. இனிக் கைத்தையலுக்கு மதிப்பேது என்று மனம் நொந்தவர்கள் இருந்தார்கள். எங்கள் வேலையும் வேலைதான் என்று ஒப்புக்கொண்டார்களே என மகிழ்ந்தவர்களும் இருந்தார்கள். பின்னாளில் கைத்தையலுக்கும் இயந்திரத்தையலுக்கும் அக்கண்காட்சியில் தனித்தனி விருதுகள் அமைந்தன. அலுவலகம் சென்று திரும்பி, பிள்ளைகளை உறங்கவைத்து, இரவில் கிடைக்கும் ஒருமணி நேரத்தில் தைக்கும் பெண்ணுக்கு, மாதக்கணக்கில் ஆகும் கைத்தையல் எட்டாத பொருள். கூலிக்குத் தைக்கக் கொடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவும் அவளுக்கு வசதியில்லை. அவளுடைய போர்வையில் நூல் மறைந்தது, ஆனால் தைத்தவளின் பெயர் நின்றது. 1933-இல் நடந்ததை இதற்கு எதிரில் வைத்துப் பார்த்தால், எந்த மறைப்பு பெரிய மறைப்பு என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

*

பெருமை திரும்பியதும் தெரியாத நூலின் தேவையும் குறைந்தது. இயந்திரத்தைய­லைக் கூச்சமின்றிக் காட்டும் பளபளக்கும் வண்ண நூல்கள் அந்த உலகில் பெருகின. ஹேரியட் பவர்ஸின் காலத்து மனநிலை ஒரு நூற்றாண்டு சுற்றி மறுபடியும் வந்து சேர்ந்தது. ஆயினும் ஏக்கம் முற்றிலும் அற்றுவிடவில்லை. இன்றைய வீட்டு இயந்திரங்கள் பலவற்றில் கைத்தையல் போலத் தோன்றும் தையல் என்றே ஒரு வகை அமைந்திருக்கிறது. மேலே தெரியாத நூல், பாபினில் தடித்த பருத்தி நூல். மேல்நூலின் டென்ஷனை இறுக்கினால் கீழ்நூல் புள்ளிபுள்ளியாக மேலே இழுபட்டுத் தெரியும். இடையிடையே தெரியாத நூல் ஓடும் இடம் வெற்றிடமாகத் தோன்றும். ஒரு கோடு, ஓர் இடைவெளி, ஒரு கோடு. கையை வெல்ல வந்த இயந்திரம் கடைசியில் கையின் இடைவெளியைப் போலிசெய்யக் கற்றுக்கொண்டிருக்கிறது.

வரலாற்று ஆய்வாளர்களுக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. பழைய போர்வையில் இயந்திரத்தையல் இருந்தால், அத்தையல் 1840-களின் நடுப்பகுதிக்கு முந்தையதாக இருக்க முடியாது என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். அதுபோலவே நைலான் இழை கிடைத்தால் 1930-களின் கடைசிக்கு முன்னால் போட்ட தையலல்ல என்பது உறுதி. வெளிச்சத்திலும் சூட்டிலும் நைலான் ஆண்டுகள் செல்லச்செல்ல மஞ்சளிக்கும், முறுகும். மறைந்திருக்க வந்த நூல் முதுமையில் தானே தன்னைக் காட்டிக்கொள்கிறது.

அருங்காட்சியகங்களில் பழம்பொருள்களைச் செப்பனிடுவோரிடையே ஆறடி, ஆறங்குலம் என்றொரு விதி வழங்குகிறது. செப்பனிட்ட இடம் ஆறடி தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணை உறுத்தக்கூடாது. ஆறங்குல நெருக்கத்தில் உற்றுப் பார்ப்பவருக்குத் தெரியாமலும் போகக்கூடாது. தள்ளிநின்று இரசிப்பவருக்கு அழகு கெடாமலும், நெருங்கிவந்து கேட்பவருக்கு உண்மை மறைக்கப்படாமலும் இருக்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள். தையலில் மறைப்பதற்கு அனுமதி உண்டு, பொய்சொல்ல அனுமதி இல்லை. எந்தக் கைவேலையையும் நாம் ஆறடி தொலைவில் நின்றே புகழ்ந்துவிடுகிறோம். ஆறங்குலம் நெருங்கி, இதைத் தைத்தது யார் என்று கேட்பதுதான் அரிது.